விளிம்பு குறைந்த காசு

முரசுமோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இரஞ்சிதத்துக்குக் காசுப் பைத்தியம். செலவழிக்கிற காசில் இல்லை. அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன காசில். மிச்சக்காசை ஒவ்வொன்றாக வெயிலில் சரித்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். அதற்குள் வந்தவர்கள் சோடாவே குடித்து முடித்துவிடுவார்கள்.

போன வருடம் அவள் மானம் கப்பலேறியது. ஒரு பக்கம் எழுத்தே இல்லாத இரண்டு ரூபாயைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டினாள். கடைசியில் கணவர் ராஜரத்தினம் தலையைச் சொறிந்தார். தண்ணிப்பம்பின் கால் ஆடாமலிருக்க, வாசர் வளையத்துக்குப் பதிலாக அவர் சொருகிய காசாம் அது. ஒரு போகம் முழுக்கப் பம்பு அதிர்ந்து எழுத்தை அரைத்துவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு மச்சாள் ராஜினி கடைக்கு வந்தால் கேட்பது ஒன்றே: "வாசர் இருக்கோ மச்சாள்?" உண்மையான பிழைக்காசு ஒன்றைக் காட்டினால் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலில் ஒரு சாக்குத் தேங்காய் உடைப்பதாகச் சவாலும் விட்டாள்.

இந்த வைகாசியில் இரஞ்சிதத்தின் பசு காணாமல் போனது. பதறிப்போய், கைக்கு வந்த காசை மஞ்சள் துணியில் முடிந்து நாகதம்பிரானுக்கு நேர்ந்தாள். அவள் பாராமல் எடுத்த ஒரே காசு அதுதான். பசு தானாகவே வீடு வந்தது.

கோயில் வாசலில் ராஜினிக்கு முன்னால் முடிச்சை அவிழ்த்தாள். கடித்த பிஸ்கட் போல விளிம்பில் ஒரு பிறை குறைந்திருந்தது.

"அரத்தால அராவினதாக்கும்," என்றாள் ராஜினி.

இரஞ்சிதம் காசைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அராவியிருந்தால் எழுத்து வெட்டுப்பட்டு நிற்கும். இதில் எழுத்துகள் குறைந்த பக்கம் நோக்கி இழுபட்டிருந்தன. நேரெதிர் விளிம்பைத் தடவினாள். அங்கே மேடு எழும்பவேயில்லை, சப்பை. தகட்டை வெட்டும்போதே வட்டம் குறைந்ததால் அச்சு அழுத்தியும் எதிர்ப்பக்கம் எழும்பவில்லை. அரம் போட்டவன் இந்தப் பக்கம் ஏன் வரப்போகிறான்? ராஜினியின் விரலைப் பிடித்து அதில் வைத்துத் தேய்த்தாள். ராஜினியின் வாய் மெல்லத் திறந்தது.

இரஞ்சிதம் அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். அடுத்த கணம் உண்டியல் கண்ணில் பட்டது.

"வேற காசைப் போடுங்கோ மச்சாள். நாகதம்பிரானுக்குத் தெரியவே போகுது?" இப்போது கெஞ்சியது ராஜினி.

"மாடு வந்தது இந்தக் காசுக்கு. மாத்தினால் அது திரும்பிப் போயிடும்."

கிணிங்.

இரஞ்சிதம் உண்டியல் வாயை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு தேங்காய்ச் சாக்கு நினைவுக்கு வர, சிரிப்பு அடக்க முடியாமல் பொங்கியது. ராஜினி வாசல் கடையில் ஒரு சாக்குத் தேங்காய் வாங்கி, வியர்த்து வழிந்து உடைத்தாள். உடைக்க உடைக்க, பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் அந்தச் சப்பை விளிம்பைப் பற்றித் தானே கண்டுபிடித்ததுபோல விளக்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சம் கொடுத்தார். ராஜினி அதை வெயிலில் சரித்துப் பிடித்தாள்.

"வாசரோ மச்சாள்?" என்றாள் இரஞ்சிதம்.