நாலாம் அறை ஜன்னல்கள்

அரண்மனையின் தெற்குப் பகுதியை ஓவியக்கூடமாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பிறகும், வடக்குப் பகுதியில் ராணியம்மா குடியிருந்தார். இரண்டுக்கும் நடுவே பித்தளைக் குமிழ் வைத்த ஒரே ஒரு கதவு. டிக்கெட் வாங்கியவர்கள் அந்தக் கதவு வரைக்கும் வரலாம், அதைத் தாண்ட முடியாது. கதவுக்கு இந்தப் பக்கம் ஆறு அறைகள், அறைக்கு ஒரு காவலர். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அறை எண்தான் பெயர். "மூணு சாப்பிட்டாச்சா?", "அஞ்சு இன்னிக்கு லீவு" என்றுதான் பேச்சு.

மூணு என்று அழைக்கப்பட்டவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒரே அறையில்தான் நின்றார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கும். ஜன்னலைச் சாத்தினால் கொக்கி விழுந்ததா என்று கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்திப் பார்க்காமல் நகர மாட்டார். அவருடைய அறையில் எல்லாமே தண்ணீர்ப் படங்கள். ஆறு, கடல், படித்துறை. மூலையில் இருந்த ஒரு சின்னப் படம்தான் அவருக்கு உயிர். மழையில் படகுக்காகக் கூட்டம் காத்திருக்கும். அதில் ஒருவன் மட்டும் குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் கையிலிருக்கும் மூட்டைக்குப் பிடித்திருப்பான். மூட்டைக்குள் என்ன இருக்கும் என்று மூணு அநேகமாகத் தினமும் யோசிப்பார். வருகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேரே அவரிடம் வந்து ஒரே கேள்வி கேட்பார்கள்.

"குதிரைப் படம் எங்க சார்?"

"அடுத்த ரூம்."

இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியே அவருடைய ஆயுளில் பாதி போயிற்று.

அடுத்த அறையில் நாலு. மூணுக்குச் சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவரை, மாமியார் வீட்டுத் தொல்லை தாங்காமல், மேலதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியதே மூணுதான். அதிகாரி ஆளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல உயரம். குதிரைக்குப் பக்கத்துல நின்னா எடுப்பா இருக்கும்" என்று நாலாம் அறையைக் கொடுத்துவிட்டார். குட்டையாகப் பிறந்தது தன் குற்றமா என்று மூணுக்கு அன்றைக்கு ஆரம்பித்த புகைச்சல் அதற்குப் பிறகு அணையவே இல்லை.

அதில் எண்ணெய் ஊற்றியது ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை, கூடம் பூட்டியிருக்கும் நாளில், ராணியம்மா எல்லா அறைகளையும் சுற்றி வந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார். அது ஒரு வருஷம் அவருடைய சொந்த அறையில் தொங்கும். படத்தை உள்ளே கொண்டு போவது அந்த அறைக் காவலரின் உரிமை. மாட்டி முடித்ததும் ராணியம்மா அவரை உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, பேசிக்கொண்டிருப்பார். படம் இருந்த இடத்தில் 'அரண்மனை உபயோகத்தில்' என்று ஓர் அட்டை தொங்கும். நாலாம் அறையில் இரண்டு தடவை அந்த அட்டை தொங்கிவிட்டது. ஜனங்கள் அந்த வெறும் சுவரைக்கூடப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மூணாம் அறையில் ஒரு தடவைகூட இல்லை. இந்த வருஷத்தோடு மூணுக்கு ஓய்வு. இனி ஒரே ஒரு வாய்ப்புதான்.

ராணியம்மா படம் பார்க்க வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கொழுந்தியாளும் சகலையும் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"அக்கா, இவரு சொல்றாரு, உள்ள நாற்காலியில உக்காந்தா அப்படியே அமுங்குதாம். எழுந்திருக்கவே மனசு வராதாம்" என்றாள் கொழுந்தியாள்.

"அப்புறம் எதுக்கு எழுந்து வந்தாரு?" என்றார் மூணு.

மனைவி முறைத்தாள். சகலை சிரித்துவிட்டு, "அண்ணே, இந்த வருஷம் உங்க படகுதான் பாருங்க. என் குதிரையைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும். அதைப் போய் யாரு கேப்பா?" என்றார்.

குத்திப் பேசியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். இரக்கப்பட்டுச் சொன்னதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் மூணு ஈரத்துணியால் தன் ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்து, மரக்கதவுகளை அகலத் திறந்து வைத்தார். வெயில் வந்து படத்துப் படித்துறையில் விழுந்தது. மழைத்தாரைகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. திருப்தியாக அடுத்த அறையை எட்டிப் பார்த்தார். அங்கேயும் வெளிச்சம். மழை விட்ட முற்றத்தில் வெள்ளைக் குதிரை தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதன் முதுகு பளபளவென்று மின்னியது. நாலு கையுறை மாற்றக் கீழே போயிருந்தார்.

அடுத்தவர் அறை ஜன்னலைத் தொடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான சட்டம். வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவரே மூணுதான். அவரே போய் மரக்கதவுகளைச் சாத்தினார். கொக்கியை அழுத்தியும் பார்த்தார். ஒரே ஒரு ஜன்னலை மட்டும் பாதி விட்டார். குதிரை சாம்பல் நிறமாகிவிட்டது. "இப்ப குடி தண்ணி" என்று அதனிடம் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து நின்றுகொண்டார்.

மணி அடித்தது. மணி அடித்துவிட்டால் காவலர்கள் அசையக்கூடாது. நாலு ஓடிவந்து நின்றதும், ஜன்னலைப் பார்த்துத் திருதிருவென்று விழித்ததும் மூணுக்குத் திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. உள்ளுக்குள் ஒரு குளுமை.

ராணியம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூணாம் அறை வாசலில் கால் வைத்ததும் உள்ளங்கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டார். "அம்மாடி!" என்று மட்டும் சொன்னார். தலையைக் குனிந்தபடி, படகுத்துறை பக்கம் திரும்பாமல், விறுவிறுவென்று அந்த அறையைக் கடந்து போய்விட்டார்.

நாலாம் அறையில் காலடிச் சத்தம் நின்றது. "அப்பாடா" என்ற குரல் கேட்டது. நாற்காலி இழுபட்டது. அதன் பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

குதிரையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். "அண்ணே, நீங்க வாங்க" என்று சகலை ஆசையாகக் கூப்பிட்டார். மறுக்க முடியவில்லை. உயரமானவர் முன்பக்கம் பார்த்து நடக்கட்டும் என்றார் அதிகாரி. ஆகவே பித்தளைக் குமிழ் வைத்த அந்தக் கதவை வாழ்நாளில் முதல் தடவையாக மூணு பின்பக்கமாக நடந்தே தாண்டினார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் படச்சட்டத்துக்கு மேலே சகலையின் சிரித்த முகம்தான்.

படம் மாட்டியாயிற்று. வந்தது ஒரே ஒரு டீ. நாலு அமுங்கும் நாற்காலியில் அமுங்கினார். மூணு படத்தைப் போர்த்திவந்த துணியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, சலவைக்காரர் மாதிரி கதவோரம் நின்றார்.

"கண் ஆபரேஷன் ஆனதுலேர்ந்து வெளிச்சம் பட்டாலே தண்ணி கொட்டுது" என்றார் ராணியம்மா. "எல்லா ரூம்லயும் கூசிச்சு. உங்க ரூம்லதான் கண்ணாடியைக் கழட்டிட்டு நிம்மதியா உக்கார முடிஞ்சுது. யார் யோசிச்சு ஜன்னலைச் சாத்தினது?"

நாலு டீயைப் பார்த்தார். பிறகு, "நான்தாங்கம்மா" என்றார்.

மூணுக்கு வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால், நாலாம் அறையில் உனக்கென்ன வேலை என்ற அடுத்த கேள்வி வரும். விழுங்கிக்கொண்டார்.

"உண்மையைச் சொன்னா, இந்தத் தடவை மூணாம் ரூம் படகுப் படத்தை எடுக்கணும்னுதான் நெனச்சு வந்தேன். குடையை மூட்டைக்குப் பிடிச்சிட்டு ஒருத்தன் நிப்பானே, அது. ஆனா அங்க வெயில் மூஞ்சியில அறையுது. கண்ணைத் திறக்கவே முடியலை."

கையிலிருந்த துணி நழுவியது. மூணு அதைக் குனிந்து எடுக்கவே இல்லை.

வெளியே வந்ததும் சகலை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். நான் சாத்தலை. நல்லாத் திறந்து வச்சிட்டுத்தான் கீழ போனேன். எந்தப் புண்ணியவான் சாத்தினானோ! அவங்க கேட்டதும் வாய் தவறி வந்திருச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றார் மூணு.

வீட்டுக்கு வந்தபோது செய்தி அவருக்கு முன்னாலேயே கொழுந்தியாள் போனில் வந்து சேர்ந்திருந்தது.

"ராணியம்மா கண்ணுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு அவரே யோசிச்சுச் சாத்தி வச்சாராமே! உங்களுக்கு ஏங்க அது தோணலை?" என்றாள் மனைவி.

"சாத்தினது நான்."

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். "அவர் ரூம் ஜன்னலை நீங்க எதுக்குங்க சாத்தணும்?"

மூணு பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"வயித்தெரிச்சல் இருக்கட்டும், யாருக்குத்தான் இல்லை? அதுக்காக அந்த மனுஷன் வாங்கின நல்ல பேரையும் புடுங்கிக்கப் பாக்கணுமா? வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க." தட்டை எடுத்து வைத்தாள். "மூஞ்சியில வெயில் அடிக்குது பாருங்க. சாத்திட்டு வந்து சாப்பிடுங்க."

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கொக்கி விழுந்ததா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.