கேற்றடியில் அரை நிமிடம்

“வெயிலுக்கை காசு குடுத்துக் கோடவுன் பாக்கப் போறியளே? உங்களுக்கு என்ன விசரே?”

என் மனைவியின் கேள்வி நியாயமானதுதான். என்னோடு வேலை செய்த சிங்களவர் ஒருவரின் மகள் நிலூகா, கட்டடக்கலை படித்த பிள்ளை. பழைய ஆலைகளும் பண்டகசாலைகளும் இருந்த தெருக்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களுக்குச் சுற்றிக் காட்டுகிறாள். கொட்டாஞ்சேனையில் தொடங்கி ஒருகொடவத்தைப் பக்கம் போய் முடியும் நடை. முகத்துக்காக இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். மனைவிக்கு முழங்கால் நோ. கோடவுன் என்றதும் அது இன்னும் கூடிவிட்டது!

மற்ற டிக்கெட்டை யாருக்குக் கொடுப்பது என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் படி துடைக்க வரும் செல்லம்மா, துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அந்த நூல் மில்லுக்கும் போவாங்களா ஐயா?”

“ஓம். கடைசியா அங்கதான்.”

“நானும் வரட்டுங்களா? பதினோரு வருசம் அங்கதான் வேலை செஞ்சேன். அங்க ஒரு ஆளப் பத்தி விசாரிக்கணும்.”

இப்படித்தான் போன ஞாயிறு நானும் செல்லம்மாவும் சுற்றுலாப் பயணிகள் ஆனோம்.

தேங்காய் எண்ணெய் வைத்திருந்த இடத்தில் இப்போது ஓவியக் கண்காட்சி. தேயிலைப் பெட்டி அடுக்கிய இடத்தில் தளபாடக் கடை. சுவரைக் கழுவி, வெள்ளை அடித்து, நல்ல வெளிச்சமும் போட்டிருக்கிறார்கள். சமாதானப் பேச்சுவார்த்தை நடக்கிறது, குண்டு வெடிக்கவில்லை... கொழும்புக்குக் கொஞ்சம் அழகு பார்க்க ஆசை வந்திருக்கிறது. வரட்டுமே! நிலூகா ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். செல்லம்மா எதையும் பார்க்கவில்லை. நடையின் முடிவுக்காகவே நடந்து வந்தார்.

நூல் ஆலையின் பெரிய இரும்புக் கேற்றடிக்கு வந்தோம். உள்ளே பாதிக் கட்டடம் இப்போது கோப்பிக் கடை. நிலூகா கையைத் தூக்கி, “எல்லாரும் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்” என்றாள்.

பதினைந்து பேரில் நாங்கள் ஐந்து பேர் தமிழர். அந்த ஐந்து பேரும் என்ன செய்தோம் தெரியுமா? ஆண்கள் மூவரும் ஒரு பக்கம், பெண்கள் இருவரும் மறுபக்கம்... இரண்டு வரிசை. என் கையில் அடையாள அட்டை. பின்னால் நின்ற ஓய்வுபெற்ற கணக்காளர், கொழும்பில் தங்குவதற்கென்று மடித்து வைத்திருந்த பொலிஸ் பதிவுத் துண்டையும் சேர்த்தே நீட்டிவிட்டார்.

நிலூகா விழித்தாள். “அங்கிள்... நான் போட்டோ எடுக்கத்தான் நிற்கச் சொன்னேன்.”

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிரித்துச் சமாளித்தோம். சண்டை நின்றாலும் சோதனைச்சாவடியில் பழகிய கை நிற்காது போலிருக்கிறது. செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“எங்களுக்கு இந்த லைன் பழசுங்க ஐயா. ஷிப்ட் முடிஞ்சா பொம்பளைங்க எல்லாம் இங்கதான் வரிசையில நிப்போம். நூல் கண்டு எடுத்துட்டுப் போறோமான்னு தடவிப் பாப்பாங்க. பாக்கிறது பியசீலி அக்கா.”

“அவவைத்தான் விசாரிக்க வந்தனீங்களோ?”

“ஆமாங்க. தடவிக்கிட்டே கேக்கும், மகளுக்குக் காய்ச்சல் விட்டிருச்சா, சோறு தின்னிச்சான்னு. நான் அது மகன் சுனிலப் பத்திக் கேப்பேன். அரை நிமிசம்தான். பின்னால ஆள் நிக்குமில்ல? ஒரு திங்கக்கிழமை வந்தோம், கேற்றுல பூட்டு. மில்லு மூடிட்டாங்க. அதோட சரி.”

“வீட்டுக்குப் போய்ப் பாத்திருக்கலாமே?”

“வீடு எங்கன்னு கேட்டதே இல்லைங்க. பிள்ளைங்களப் பத்திக் கேக்கவே நேரம் பத்தாது.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை கைகள் என் சட்டைப்பையைத் தடவியிருக்கும்? சாப்பிட்டாயா என்று ஒரு கையாவது கேட்டதுண்டா? நானும்தான் எந்தக் கையின் பெயரையும் கேட்கவில்லை.

கோப்பிக் கடை வாசலில் ஒரு வயதான காவலாளி. செல்லம்மா அவரை அடையாளம் கண்டுவிட்டார். மில் காலத்து ஆள். மற்றவர்கள் உள்ளே கோப்பி குடிக்கப் போக, செல்லம்மா காவலாளியிடம் போய், “பியசீலி அக்கா தென் கொஹேத?” என்று கேட்டார். இப்போது எங்கே இருக்கிறாள் என்று.

காவலாளி தொப்பியைக் கழற்றினார். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். மகன் ஆமியில் சேர்ந்தான். வடக்கில் நடந்த சண்டை ஒன்றில் காணாமல் போனான். உடலும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. வடக்குக்குப் பாதை திறந்ததும் பியசீலி அவன் படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். போய் இரண்டு மாதம். ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு திரிகிறாளாம்.

“சுனிலா?” என்றார் செல்லம்மா. “சுனிலா?” இரண்டு தரம் கேட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“உங்க ஊர்ப் பக்கந்தானே ஐயா? அதுக்கு ஒரு சொல்லு தமிழ் தெரியாது. அங்க யாரு அதுகிட்ட பேசுவாங்க?”

முப்பது வருடமாக எழுதுகிறவன் நான். பஸ்சில் வெள்ளவத்தை வந்ததும் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன்.

பாதை திறந்த பிறகு இந்தப் பத்திரிகை இப்போது வடக்குக்கும் வருகிறது. அங்கே இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கலாம், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். ஒரு சிங்களத் தாய் மகனின் படத்தோடு உங்கள் படலையைத் தட்டினால், தெரியாது என்று தலையாட்டும் முன் உள்ளே கூப்பிட்டு இருத்துங்கள். சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள்.

கொழும்பில் செல்லம்மா சுனிலைப் பற்றிக் கேட்டவ என்று சொல்லுங்கள்.