மணலில் ஒரு வளைவு

யுத்தம் முடிந்த மறுவருடம், கல்முனைக் கடற்கரையில் நாலு சக்கர குவாட் பைக் ஓட்டப் போனேன். தன் பின்னாலேயே வரச் சொல்லிவிட்டு வழிகாட்டி முன்னால் போனார். வெறும் மணலில் ஓரிடத்தை அவர் காரணமில்லாமல் சுற்றி வளைத்துப் போனார். எனக்குப் பொறுமை எப்போதும் குறைவு. நேராக விட்டேன்.

அவர் நிறுத்தினார். முகத்தில் கோபமில்லை. அண்ணன் முறை வைத்து, காக்கா என்றே கூப்பிட்டார்.

“காக்கா, நீங்க எங்கட குசினிக்குள்ளால வந்திட்டீங்க. சுனாமிக்கு முந்தி இதிலதான் எங்கட வீடு.”

அவர்கள் சமையலறைக்குள் வண்டியை விட்டிருக்கிறேன். திரும்பி வரும்போது, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையைக் காட்டினார். அங்கே எஞ்சினை நிறுத்தி இறங்கி, எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்வதுபோல சலாம் சொன்னேன்.

அவர் எனக்கு முன்னால் உள்ளே போய் நின்று பதில் சலாம் சொன்னார்.

“வாங்க காக்கா, இரிங்க.”