மிஞ்சிய மருந்து

தலைமைப் பண்புகளைப் பற்றி நான்கு புத்தகங்கள் படித்துவிட்டு, கண்ணாடி முன் நின்று புருவத்தை உயர்த்திப் பழகியவன் நான். ஒரு புருவம் மட்டும் உயர வேண்டும். எனக்கு இரண்டும் சேர்ந்தே எழும்பும். பார்ப்பவர்களுக்கு நான் எதற்கோ பயந்துபோனது போலத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில், இங்கிலீஷ் தெரியும் என்ற ஒரே தகுதியில், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் என்னை மேற்பார்வையாளராக உட்கார வைத்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் கலந்த மருந்தை அன்றைக்கே வெடிகளில் அடைத்துத் தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் தொலைவில் கொண்டுபோய் அழித்துவிடுவார்கள். அப்போது தீபாவளி சீசன்; ஆர்டர் கழுத்தை நெரித்தது. ஒரு மாலை அரைச் சட்டி மருந்து மிஞ்சியபோது, மூடி வைத்து நாளைக்கு அடைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மருந்து அடைக்கும் பெண்களில் மூத்தவரான ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம் சார். மேகம் கட்டிக் கெடக்கு. ஈரம் பட்டா அதுக்குக் காய்ச்சல் வரும்."

"வைங்க. நான் பொறுப்பு."

"பொறுப்புன்னா, எம்புட்டுத் தூரத்துல நின்னு சார்?"

பெண்கள் சிரித்தார்கள். நான் புருவங்களை உயர்த்தினேன். தலைவன் சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்று இரண்டாவது புத்தகத்தில் போட்டிருந்தது. சட்டி ஷெட்டிலேயே இருந்தது. இரவு தூறல் போட்டது.

மறுநாள் காலை வேலை தொடங்கியதும் அந்த அம்மாள் சட்டியின் வெளிப்புறத்தைத் தொட்டார். சூடு பட்டதுபோல் சட்டென்று கையை எடுத்தார். சத்தம் போடவில்லை.

"ஏ புள்ளைகளா, கையில உள்ளத மெதுவா கீழ வச்சுட்டு வெளிய வாங்க. ஓடாதீக. காலத் தேய்க்காதீக."

பந்திக்குக் கூப்பிடுகிற குரல். பெண்கள் எழுந்து வரிசையாக நடந்தார்கள். வாசலில் நின்றிருந்த நான் ஓடினேன்.

ரோட்டை எட்டியபோது பின்னால் வெடித்தது. ஷெட் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. திரும்பி வந்தபோது, உடைமரத்தடியில் அந்த அம்மாள் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எத்தன பேரு சார் வந்தாக?"

வருகை நோட்டு என் கையில்தான் இருந்தது. அன்றைய பக்கத்தை நான் இன்னும் நிரப்பவில்லை. காலையில் வந்த முகங்களை நினைத்துப் பார்த்து அவரே மறுபடி எண்ணினார். மூன்றாம் தடவையும் சரியாக வந்த பிறகுதான் மண்ணில் உட்கார்ந்தார்.

மாலையில் முதலாளி வந்தார். ஓர் உயிர்கூடப் போகவில்லை, எல்லாம் உங்கள் சாமர்த்தியம் என்று அத்தனை பேர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். சட்டியை வைக்கச் சொன்னது யாரென்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் வேறு யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் வேலையை விட்டேன். கிளம்புமுன் மன்னிப்புக் கேட்கலாமென்றுதான் அந்த அம்மாளிடம் போனேன். வாயில் வந்ததோ வேறு: அன்றைக்கு மரத்தடியில் என்னையும் எண்ணினீர்களா?

"உங்கள எதுக்கு சார் எண்ணணும்? நீங்க வெளியதான் இருப்பீகன்னு தெரியுமே."