தாவூத் பாயின் இரண்டு பாட்டில்கள்

ஃபிலிமை முதலில் வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு தாவூத் பாய் நூறு வரை எண்ணுவார். "ஊறாத சுருள்ல மருந்து திட்டுத் திட்டாப் புடிக்கும் நைனா" என்பார். நூறு ஆன பிறகும் சந்தேகம் தீராமல் இன்னும் ஒரு இருபது. பூந்தமல்லிக் கடைத்தெருவில் படம் பிடிக்கிறவர் இவர் ஒருவர்தான். இவரைப் போன்ற பயந்தாங்கொள்ளியும் இவர் ஒருவர்தான். இடி இடித்தால் பயம், பல்லி விழுந்தால் பயம், போலீஸ் தலைப்பாகை என்றால் கேட்கவே வேண்டாம்.

படம் கழுவுகிற மருந்து தக்கை போட்ட இரண்டு பாட்டில்களில் இருக்கும். ஒன்று மெத்து, மற்றது முரடு. அவரே வைத்த பெயர்கள். வேகம் குறைந்த ஃபிலிமுக்கு எப்போதும் மெத்துதான். "அந்த ஃபிலிம் பொறப்புலயே முரடு. முரட்டு மருந்தை ஊத்தினா மூஞ்சி சுண்ணாம்பாப் பூடும்."

நாற்பத்திரண்டு, ஆகஸ்டுக் கலவர வருஷம், ஒரு நண்பகலில் போலீஸ்காரர் ஒருவர் பறிமுதல் செய்த சுருளோடு கடைக்குள் நுழைந்தார். பட்டாபிராம் பக்கம் தடையை மீறிக் கொடியேற்றியவர்களின் படம். எல்லா முகமும் தெளிவாக வேண்டுமாம். முன்வரிசையில் நின்றவன் நான். அது பாய்க்கும் தெரியும். அதே கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போனால் சந்தேகம் வரும், உட்கார்ந்திருந்தால் படம் வரும்.

போலீஸ்காரரும் கூடவே இருட்டறைக்குள் போனார். வேகம் குறைந்த, சிவப்பு விளக்குகூட ஆகாத ஃபிலிம், உள்ளே கும்மிருட்டு. கறுப்புத் திரைக்கு வெளியே நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

டப்பென்று தக்கை கழன்ற சத்தம்.

"இன்னாய்யா ஊத்தறே?"

"தண்ணி எசமான். மொதல்ல ஊறணும்."

தண்ணீர் இருப்பது வாளியில். வாளிக்கு ஏது தக்கை? ஊறவைக்காமலே, தண்ணீர் என்று பொய் சொல்லி மருந்தை ஊற்றுகிறார் என்றால் படத்தைக் கெடுக்கத்தான்; அது முரடாகத்தான் இருக்கவேண்டும். "ஒண்ணு... ரெண்டு..." என்று நடுங்குகிற குரலில் எண்ண ஆரம்பித்தவர், நூற்றைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே போனார்.

மூன்று மணிக்குப் படம் வெளியே வந்தது. கொடி தெரிந்தது, மரம் தெரிந்தது. முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. போலீஸ்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மூஞ்சி எங்கய்யா?"

"உச்சி வெயில்ல எடுத்துகிறாங்க எசமான். நான் இன்னா பண்றது?"

போலீஸ்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பாய் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன்.

தெருவில் யாருடைய சைக்கிள் மணியோ அடித்தது. பாய் கண்களை இறுக மூடிக்கொண்டு, மருந்து ஈரம் காயாத உள்ளங்கையால் என் முகத்தைப் பொத்தினார்.