வேதகிரியின் வலது கை

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் இதைச் சொன்னவர் டாக்டர் ஞானதாஸ். பேய், பில்லி, சூனியம் என்று அலறிக்கொண்டு வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துப் பேசியே தெளிய வைத்த மனிதர். அவர் வாயில் பொய் வராது. தேதி, மணி எல்லாம் அவருடைய நோட்டில் இருக்கிறது.

1961, ஜூன் மாதம். உத்திரமேரூர்.

ஞானதாஸ் ஊசி போடுகிற டாக்டர் அல்ல. பெங்களூரில் மனநோய்க்குப் படித்தவர். வியாழக்கிழமை தோறும் பஸ்ஸில் வந்து, ஏரிக்கரைப் பக்கம் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீட்டில் உட்காருவார். ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரம். கதவைச் சாத்திவிட்டுப் பேச விடுவார். உள்ளே பேசியது வெளியே போகாது, அது அந்தத் தொழிலின் சத்தியம். வாசலில் வேலைக்கார அம்மா ராணியம்மாள் காவல்.

முதல் தேதி, பகல் இரண்டு மணிக்கு வேதகிரி வந்தார். திருப்புலிவனத்துப் பக்கம் முப்பது காணி நிலம் உள்ளவர். வலது கை இறுக மூடியிருந்தது. பங்குனியிலிருந்தே அப்படித்தானாம். எண்ணெய் போட்டு நீவியாயிற்று. விபூதி அடித்தாயிற்று. எலும்பில் கோளாறில்லை, நரம்பில் கோளாறில்லை என்று காஞ்சிபுரத்தில் சொல்லிவிட்டார்கள்.

ராணியம்மாள் நீட்டிய தண்ணீரை அவர் தொடவில்லை. வீட்டிலிருந்தே செம்பில் கொண்டு வந்திருந்தார். கை மட்டும் இங்கே குணமாக வேண்டும், தாகம் மட்டும் வீட்டுத் தண்ணீரில்தான் தீர வேண்டும். ஞானதாஸின் அப்பாவும் அம்மாவும் கூரம் கிராமத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். இதெல்லாம் அவருக்குப் புதிதில்லை. கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்.

"ஆனி பதினொண்ணு எம் பொண்ணு கனகாவுக்குக் கல்யாணம் டாக்டரே. தாரை வார்க்கணும். இந்தக் கைய வெச்சிக்கினு எப்டி வார்க்கறது?"

அதற்குள் கை திறக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

மனம் இறுகினால் கை இறுகும். ஞானதாஸ் அதுபோல நாலைந்து பேரைப் பார்த்திருக்கிறார். அந்தக் கைகள் தூக்கத்தில் தாமாகவே தளர்ந்துவிடும்.

"தூங்கும்போது யாராச்சும் பார்த்தாங்களா?"

"எம் பொஞ்சாதி முழிச்சிக்கினு பாத்தா. தொறக்கல. தூங்கறப்போ இன்னும் கெட்டியா புடிச்சிக்குதாம்."

அது நோயின் இலக்கணத்துக்கே ஒத்து வராத விஷயம். டாக்டர் எழுதி, கீழே கோடு போட்டார்.

"பங்குனியில என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. கூலிக்காரி ஒருத்தி எங் கெணத்துல வுழுந்து செத்தா. அதுக்கும் இதுக்கும் இன்னா கீது?"

"பேரு?"

"பவளம்."

பேரைச் சொன்னதும் மூடிய கை தொடைமேல் ஒரு முறை துள்ளியது.

அடுத்த வியாழன், எட்டாம் தேதி. டாக்டர் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டார். மனதில் சிக்கியிருப்பவர் அங்கே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேச வேண்டும். அப்படி ஒரு வைத்திய முறை உண்டு. வேதகிரி முதலில் சிரித்தார். பிறகு முறைத்தார். கடைசியில் நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

"பவளம்... ஏன் எங் கைய புடிச்சிக்கினு கீற?"

மணி 2.20.

கிறீச்... கிறீச்...

கிணற்றுக் கப்பி சுற்றுகிற சத்தம். அந்த வீட்டில் கிணறு கிடையாது. பக்கத்து வீட்டிலும் கிடையாது.

மூன்று மணிக்கு டாக்டர் எழுந்தார். வந்தவர் யாரானாலும் கைகூப்பி, "போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவது அவர் வழக்கம். வேதகிரிக்கும் சொன்னார். நாற்காலியில் இருப்பவரையும் ஆளாகவே மதிக்க வேண்டும் என்பது அந்த வைத்தியத்தின் முறை. அந்தப் பக்கமும் திரும்பிக் கைகூப்பினார்.

"நீங்களும் போய்ட்டு வாங்கம்மா."

கதவைத் திறந்த ராணியம்மாள் காதில் அது விழுந்துவிட்டது.

"இன்னாய்யா இது? செத்தவங்களப் போய் வாங்கன்னு சொல்லுவாங்களா?"

டாக்டருக்கும் தெரியாததில்லை. அவருடைய அம்மா இழவு வீட்டிலிருந்து எழுந்தால் "வரேன்" என்று சொல்லவே மாட்டார். திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார். தொழில் பழக்கம் வாயை முந்திக்கொண்டது. சிரித்து மழுப்பினார்.

ராணியம்மாள் அந்த நாற்காலியை ஓரமாக நகர்த்தப் போனாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பலகை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது... பாசி நாற்றம்.

பதினைந்தாம் தேதி. மணி 1.50. டாக்டர் உள்ளே நுழைந்தபோதே காலி நாற்காலி நடுவில் இருந்தது. வேதகிரி உட்காரும் நாற்காலிக்கு வெகு அருகில். முழங்காலோடு முழங்கால் இடிக்கும்.

"நான் தொடவே இல்லீங்கய்யா" என்றாள் ராணியம்மாள்.

இரண்டு மணிக்கு வேதகிரி வந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. நேராக வந்து உட்கார்ந்து, காலி நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"எல்லார் எதுர்லயும் சொன்ன இல்ல? உம் புருசன் சின்னராசு மேல இன்னொரு வாட்டி கை வெச்சா, கைய ஒடைப்பேன்னு சொன்ன இல்ல? நாலு பேர் சிரிச்சாங்க. எனக்கு எப்டி இருந்திருக்கும்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"படி இல்லாத பக்கமா வாளி வுழுந்துச்சி. எறங்கி எடுன்னேன். எடுத்தே. கயித்தப் புடிச்சிக்கினு மேல வந்தே. கயிறு எங் கையில இருந்துச்சி..."

கிறீச்... கிறீச்...

"வுட்டுட்டேன்."

மணி 2.20.

"நீச்சல் தெரியாம நீ கத்துனே. நான் நின்னு பாத்துக்கினு இருந்தேன். சத்தம் அடங்கற வரைக்கும்."

ஞானதாஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எதைக் கேட்டாலும் கோபப்படாமல் கேட்க வேண்டும் என்று படித்தவர். அந்தப் படிப்பெல்லாம் அந்த நிமிடம் எங்கோ போய்விட்டது. அந்தக் கையைத் தானே ஒடித்தால் என்ன என்று தோன்றியது. தன் அம்மாவின் முகம் கண்முன் வந்தது.

அப்போது கை திறந்தது.

ஒவ்வொரு விரலாக... யாரோ பிரிப்பது போல.

உள்ளங்கையில் கயிற்று நார். ஈரம்.

வேதகிரி சிரித்தார். அழுதார். கையை உயர்த்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விரிச்சுக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

ஐந்து விரலும் விரிந்தன.

"சரி. கிளம்புங்க."

வேறு ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. அன்று பஸ் ஏறவும் மனம் வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். போலீசில் சொல்வதா, தொழிலின் சத்தியத்தைக் காப்பதா என்று யோசித்தபடி புரண்டுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை 7.10. கதவு தட்டப்பட்டது. வேதகிரியின் வயலில் வேலை செய்யும் வீராசாமி நின்றான்.

"போலீஸ் வந்து கீறாங்க. எங்க மொதலாளி நேத்து உங்களாண்ட தான் வந்துட்டுப் போனாராம். உங்கள இட்டுக்கினு வரச் சொன்னாங்க."

"என்ன ஆச்சு?"

"நேத்து நாலேகாலுக்கு கெணத்துப் படியில எறங்கி கை கழுவுனாருங்க. வழுக்கி வுழுந்துட்டாரு. நீச்சல் தெரிஞ்சவருங்க. அதுலயே நீந்திப் பழகுனவரு."

"நீ பக்கத்துல இல்லையா?"

"இருந்தேங்க. கயித்தப் போட்டேன். சோத்துக் கை மேல தான் வுழுந்துச்சி. உள்ளங்கைலயே கெடந்துச்சி. புடிங்க, புடிங்கன்னு கத்துறேன்..."

வீராசாமி தன் வலது கையை விரித்துக் காட்டினான்.

"கை மூடலீங்க. அஞ்சு வெரலும் வெறைச்சிக்கினு நிக்குது. மூடவே இல்ல."

"இடது கை?"

"அது மேலயே வரலீங்க. தண்ணிக்குள்ளயே இருந்துச்சி. கைய வுடு, கைய வுடுன்னு கத்திக்கினே உள்ள போய்ட்டாரு."

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. மூடிய கையைத் திறக்க வைத்தால், மறுபடி மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். படிக்கிற பையன்கூட அதைச் செய்வான். அவர் கேட்கவில்லை. மறந்துவிட்டதா, கேட்க மனமில்லையா என்று அவருக்கே தெரியவில்லை. முப்பது வருஷம் கழித்து என்னிடம் சொன்னபோதும் தெரியவில்லை என்றுதான் சொன்னார்.

கிணற்றங்கரையில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். கனகாவின் அழுகை வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. அந்தப் பெண்ணை நினைத்து மட்டும் டாக்டருக்கு மனம் வலித்தது. குனிந்து துணியை விலக்கினார். வலது கை விரிந்தபடியே விறைத்திருந்தது.

இடது மணிக்கட்டைத் திருப்பினார்.

கன்றிப்போன தடம். இறுக்கிப் பிடித்த விரல்களின் தடம். கட்டைவிரல் ஒரு பக்கம். மறுபக்கம் மூன்றே மூன்று விரல்.

டாக்டர் இரண்டு முறை எண்ணினார்.

வீராசாமியும் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் ஓரடி பின்னால் போனான். டாக்டருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"சின்ன வயசுல நாங்க ஒண்ணாத்தான் கதிர் அறுக்கப் போவோங்க. அருவா பட்டு, பவளத்துக்குச் சுண்டு வெரலு போயிடுச்சி."