அப்பா கேட்ட லீவு

என் அப்பா தொழிலாளர் இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்தார். தென்காசி, செங்கோட்டை, வீரகேரளம்புதூர் பக்கத்து ரைஸ்மில்களும் பீடிக் கடைகளும் அவர் பார்வைக்குள் இருந்தன. எங்கேயும் சைக்கிளில்தான் போவார். மில்லுக்குள் நுழைந்தால் முதலாளி போட்ட நாற்காலியில் உட்கார மாட்டார். களத்தில் நெல் துழாவிக்கொண்டிருக்கும் பெண்களிடம் நேரே போய், கூலி எவ்வளவு தருகிறார்கள், வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா என்று கேட்பார். ஒரு முறை யாரோ வீட்டுக்கு வாழைத்தார் அனுப்பினார்கள். அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஊரில் அவரைப் பிடித்தவர்கள் குறைவு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில், ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தபோது, அவருக்குப் பக்கவாதம் வந்தது. குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சில் 'சரி', 'வேண்டாம்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சின. சரி என்று சொல்ல நினைத்து வேண்டாம் என்பார். பிறகு தன் வாயின் மேலேயே கோபப்பட்டு இடது கையால் கட்டிலை அடிப்பார்.

அம்மாவுக்கு மூச்சிழுப்பு. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுவாள். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன், கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் மதுரையில் பாங்கியில் வேலை பார்த்தான். அவன்தான் ஆள் தேடச் சொன்னான். இலத்தூரிலிருந்து ஒரு அக்கா வந்தாள். புருஷன் இறந்தவள், பத்து வயசுப் பெண் குழந்தையைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். சாப்பாடு, வருஷத்துக்கு இரண்டு சேலை, கையில் கொஞ்சம் பணம் என்று அண்ணன் பேசி முடித்தான்.

அவள் வந்த பிறகுதான் அப்பா மறுபடி மனுஷராகத் தெரிந்தார். முகம் வழித்து, எண்ணெய் தேய்த்து, வெந்நீரில் துடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பாள். மலம் எடுக்கும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

"மொகத்த எதுக்கு அங்கன திருப்புதிய? எம்புள்ளைக்கு செஞ்சதத்தான உங்களுக்கும் செய்யுதேன்" என்பாள்.

அவள் படுக்கை கட்டிலுக்குக் கீழே ஒரு பாய். அவர் இருமினால் எழுந்துவிடுவாள். அவளுக்கென்று ஒரு நாள், ஒரு பொழுது என்று எதுவும் இருக்கவில்லை. இருக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவும் இல்லை.

சாரல் தொடங்கியதும், அருவித் தண்ணீர் பட்டால் மரத்த கைக்கு உணர்ச்சி வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். குதிரை வண்டி பிடித்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனோம். ஆண்கள் குளிக்கிற பக்கம் நான் போகக் கூசினேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டிக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, அவரைத் தன் தோளில் சாய்த்து நடத்திப் போனாள். எண்ணெய் வழிய நின்றவர்கள் விலகி வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீர் சிதறி விழும் ஓரத்தில் அவரை உட்கார வைத்து, பின்னால் நின்று இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். அருவி அவள் முதுகில்தான் விழுந்தது. அப்பா வாயைத் திறந்து சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

வாரத்துக்கு இரண்டு தரம் என்று ஒரு மாதம் போனோம். கை அப்படியேதான் இருந்தது. அவளுக்குச் சளி பிடித்துக் காய்ச்சலாக மாறியது. கஷாயத்தைக் குடித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே அவரைப் புரட்டினாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல முயன்று கழுத்து நரம்பு புடைத்தது.

"லீ... லீ..."

லேகியம் கேட்கிறார் என்று அம்மா நினைத்தாள். கொண்டுவந்து கொடுத்ததைத் தட்டிவிட்டார். மறுநாள் இடது கையை நீட்டி, சுவரில் இருந்த காலண்டரில் சிவப்பு எழுத்தைக் காட்டினார். பிறகு அவளைக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, அக்காவுக்கு லீவு குடுக்கணும்னு சொல்லுதாங்க."

"நல்லாருக்கே! அவ லீவுல போயிட்டா இவுகள யாரு தூக்குவா? நீயா, நானா? வேளாவேளைக்குச் சோறு போடுதோம், இருக்க இடம் குடுத்திருக்கோம். இதென்ன மில்லா?"

அண்ணன் அடுத்த வாரம் வந்தபோது அம்மா முறையிட்டாள். அவன் கட்டிலருகே உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்: "அப்பா, நீங்க பார்த்த சட்டத்துல மில் இருக்கு, பீடி இருக்கு, எஸ்டேட் இருக்கு. வீட்டு வேலை இல்லையே. உங்களுக்குத் தெரியாததா?"

அவன் சொன்னது உண்மை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இவ்வளவு கூலி, இவ்வளவு ஓய்வு என்று எந்த விதியும் எழுதப்பட்டிருக்கவில்லை. அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கஞ்சியோடு வந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. மத்தியானமும் திறக்கவில்லை. துடைக்க வந்த கையைத் தள்ளினார். நான் கொடுத்தபோது குடித்தார். திங்கட்கிழமை எப்போதும்போல அவள் கையால் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறும் அதே கதைதான்.

"ஐயா எம்மேல கோவமா இருக்காக. நான் என்ன தப்பு செஞ்சேன், டீச்சர்?" என்று அவள் அழுதாள். விஷயத்தைச் சொன்னேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு எதுக்கு லீவு? அங்கன போயி என்ன செய்யப் போறேன்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "புள்ளைய பாத்துட்டு வரலாம்" என்றாள்.

அம்மா இறங்கி வந்தாள். ஞாயிறு காலை முதல் பஸ்ஸுக்குப் போய்த் திங்கள் காலை திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் முதுகு வலிக்கிறது. அப்பாவின் கனம் எனக்கு அதுவரை தெரியாது. இடுப்பில் கை கொடுத்துத் தூக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து விழப் போவோம். மகள் கையால் அலம்பிவிடும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார், நானும் வேறெங்கோ பார்ப்பேன். சரியாகப் புரட்டத் தெரியாமல் அவர் முதுகின் அடியில் ஒரு புண் வந்தது. அவள் திங்கட்கிழமை வந்து பார்த்துவிட்டு, "இனிமே போகமாட்டேன்" என்றாள். அவர் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினார். எதை வேண்டாம் என்கிறார் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிறும் போனாள்.

ஊரில் அவளுக்கு ஓய்வு ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளையை வைத்துப் பார்ப்பதற்கு ஈடாகத் தங்கச்சி அவளை நாள் முழுக்க வயலில் இறக்கினாள். தலைசீவிவிடும் நேரத்தில்தான் பெண்ணோடு பேச முடியும் என்று ஒரு தடவை சொன்னாள். இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் படியேறும் சத்தம் கேட்டால் அவர் முகம் தெளியும். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

புண் பெரிதானது. அண்ணன் வந்து பார்த்தான், சத்தம் போட்டான். "இங்க ரெண்டு பொம்பளைங்க ஆடுன ஆட்டம் போதும்" என்று சொல்லி, அப்பாவையும் அம்மாவையும் மதுரைக்குக் கொண்டுபோவதாக முடிவு செய்தான். கார் வந்தது ஞாயிற்றுக்கிழமை. அவள் இலத்தூரில் இருந்தாள். ஒரு நாள் பொறு என்று கெஞ்சினேன், அவனுக்கு லீவு இல்லை. காரில் ஏற்றும்போது அப்பா வாசலையே பார்த்து அடித்தொண்டையில் ஓலமிட்டார். அவரைத் தூக்கியவர்களுக்கு அது வலி என்று பட்டது.

திங்கள் காலை அவள் வந்தாள். மடக்கிய கட்டிலைப் பார்த்தாள். நான் பேசத் தொடங்குவதற்குள் உள்ளே போய்த் தன் பாயைச் சுருட்டினாள்.

"ஒரு வார்த்த சொல்லியனுப்பி இருக்கலாமே, டீச்சர். நடந்தாவது வந்திருப்பேன்."

மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தும், அந்த வருஷம் முடிவதற்குள் அப்பா இறந்துபோனார்.

சில வருஷம் கழித்து அவளைத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முடி நரைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். குற்றாலத்தில் ஒரு பங்களாவில், நடக்க முடியாத பையன் ஒருவனைப் பார்த்துக்கொள்கிறாள். அப்பா போனது அவளுக்குத் தெரியாது. சொன்னதும் அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசில யாரு குளிப்பாட்டுனா?"

"ஆஸ்பத்திரி ஆளுங்க."

குற்றாலம் பஸ் உறுமியது. பையன் தனியாக இருப்பான் என்று சொல்லிக்கொண்டே, இடுப்பைப் பிடித்தபடி எழுந்து போய் ஏறினாள். ஜன்னல் பக்கம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.